பிலியானாவை நடக்கவிடாமல் சோஃபியாவுக்குக் கொண்டுபோன விதம்

புர்காஸ் நகரத்து லிஃப்ட் மெக்கானிக் அசென், நாற்பத்து மூன்று வயதில், தன் மகள் நடந்துவிடக் கூடாதே என்ற கவலையில் பதினொரு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

மற்ற தகப்பன்மார்கள் இதற்கு நேர்மாறாகக் கவலைப்படுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் மற்ற தகப்பன்மார்களுக்கு நெவெனா மனைவியாக வாய்க்கவில்லை. அசெனின் வாழ்க்கையில் நெவெனா முதலில் கையெழுத்தாகத்தான் வந்தாள். அவள் குடியிருந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பற்றி அவன் அலுவலகத்துக்குப் பதினான்கு புகார்க் கடிதங்கள் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவில் நின்றது என்ற விவரம் எல்லாம் இருந்தன. பதினைந்தாவது கடிதம் வராமல் தடுக்க வேறு வழியில்லாமல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று அவனுடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அசென் அதை மறுத்ததில்லை. மறுத்துப் பேசும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. இருபது வருடமாக மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் வசவுகளை இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுப் பழகியவன்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது நெவெனா இத்தாலிக்குப் போனாள். அங்கே ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கும் வேலை. வீட்டில் அதே வேலைகளை அசென் குழந்தைக்குச் செய்தான். இருவரும் மாலையில் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டு, இன்று யார் அதிகம் துப்பினார்கள் என்று ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

அப்படி ஒரு மாலையில்தான் அந்த உத்தரவு பிறந்தது. பிலியானா சோஃபாவைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு கையை விட்டுவிட்டு, ஏதோ யோசிப்பதுபோல் தரையைப் பார்த்தாள்.

"ஏய், ஏய்! பிடி அவளை!" என்று திரைக்குள்ளிருந்து நெவெனா கத்தினாள். "பல்லு முளைச்சப்போ நான் இல்ல. முதல் வார்த்தையா 'பாபா'ன்னு சொன்னப்போ நான் இல்ல. இதையாவது நான் பார்க்கணும். பன்னெண்டு நாள்ல சோஃபியாவுக்கு வரேன். நான் வர்ற வரைக்கும் நடக்க விடாத, அசென்."

"எப்படி நடக்க விடாம இருக்கிறது?"

"பெரிய பெரிய லிஃப்டையே நிறுத்துற. இதை நிறுத்த முடியாதா?"

அவள் பாதி விளையாட்டாகச் சொன்னாள். அசென் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை. அன்றிலிருந்து குழந்தையைத் தரையில் விடுவதை நிறுத்தினான். நாற்காலிகளைப் பால்கனிக்குக் கடத்தினான். சோஃபாவைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டான். சமைத்தாலும் சவரம் செய்தாலும் குழந்தை இடுப்பில் இருந்தது. பத்தரைக் கிலோ. ஆறாம் நாள் அவன் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிலைத்தது.

நெவெனாவுக்குக் கிடைத்தது ஐந்து நாள் விடுப்பு. அதில் பேருந்துப் பயணத்தைக் கழித்தால் மிச்சம் இரண்டரை நாள். தலைநகர் சோஃபியாவிலிருந்து புர்காஸுக்கும் அவள் வந்துபோனால் குழந்தையைக் கொஞ்ச வேண்டிய நேரம் ரயிலிலேயே போய்விடும். ஆகவே அசென் குழந்தையைச் சோஃபியாவுக்கே கொண்டுவருவது என்று முடிவானது. ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். காலை எட்டு நாற்பதுக்குப் புறப்பட்டால் மாலை நாலு மணிக்குச் சோஃபியா. அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது. அட்டவணை போடுபவர்களும் நம்பிக்கை உள்ள மனிதர்கள்தானே.

ஜூலை மாதம். எட்டுப் பேர் உட்காரும் பெட்டி அறையில், ஜன்னலோரம் இரண்டு பேர் ஏற்கனவே இருந்தார்கள். ஒருத்தி ராய்னா, பாலர் பள்ளியில் முப்பது வருடம் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய பெரிய வட்ட ரொட்டி, சோஃபியாவில் இருக்கும் மகனுக்கு. எதிரில் ஸ்டாமென், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். தங்கையைப் பார்க்கப் போகிறவர், எதற்கும் இருக்கட்டும் என்று மருத்துவப் பையையும் எடுத்து வந்திருந்தார்.

அசென் உட்காரும் முன்பே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, குழந்தைக்குக் காலுறை எங்க?" என்றாள் ராய்னா.

"முப்பத்தாறு டிகிரி, அக்கா."

"வெயிலுக்கும் காலுறைக்கும் என்ன சம்பந்தம்? அம்மா எங்க?"

"இத்தாலியில."

ராய்னா உச்சுக்கொட்டினாள். பிறகு குழந்தையின் அழகைப் பார்த்துவிட்டு, கண் பட்டுவிடக் கூடாதே என்று மூன்று முறை அதன் பக்கமாகத் "தூ, தூ, தூ" என்றாள். மூன்றாவதில் கொஞ்சம் ஈரமும் இருந்தது. அசென் ஜன்னலைத் திறக்க எழுந்தான்.

"ஐயோ, வேண்டாம்! கதவும் திறந்திருக்கு. எதிர்க்காத்து அடிச்சா குழந்தைக்குக் காது போயிடும்."

"அப்ப கதவைச் சாத்திடறேன்."

"சாத்தினா மூச்சு முட்டும்."

அசென் டாக்டரைப் பார்த்தான். அறிவியலாவது தன் பக்கம் இருக்கும் என்று நம்பினான்.

"எதிர்க்காத்துல ஒரு எருமையே செத்ததை நான் பார்த்திருக்கேன்" என்றார் ஸ்டாமென்.

ஜன்னல் மூடியே இருந்தது.

கார்னோபாத் வருவதற்குள் பிலியானா ஆறு பிஸ்கெட் சாப்பிட்டிருந்தாள். அதில் நான்கு அசெனின் சட்டையில் இருந்தன. யாம்போல் வருவதற்குள் இரண்டு முறை கழிப்பறைக்குப் போய், ஆடும் வண்டியில், ஒரு முழங்காலால் குழந்தையையும் மறு முழங்காலால் கதவையும் பிடித்துக்கொண்டு துணி மாற்றினான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்று பேர் திறந்து பார்த்தார்கள். மூவரும் ஆலோசனை சொல்லிவிட்டு மூடினார்கள்.

அதற்கப்புறம் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவில் வண்டி நின்றது. தண்டவாள வேலையாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்றரை மணி நேரம். சூரியகாந்திகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றன. பிலியானா அசெனின் மடியில் விறைத்து, வளைந்து, வழுக்கி, தரைக்குப் போக எல்லா வழிகளையும் முயன்றாள். ஒவ்வொரு முறையும் கால்விரல் தரையில் படும் நேரத்தில் அவன் மேலே இழுத்தான்.

"கீழே விடேன், தம்பி" என்றாள் ராய்னா. "பாவம், கால் துறுதுறுங்குது."

"தரை அழுக்கா இருக்கு."

"அழுக்குன்னா எந்தக் குழந்தைக்கு ஆகாது?"

"கன்னுக்குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துல எழுந்து நிக்கும்" என்றார் ஸ்டாமென். "இதுக்கு என்ன வயசு?"

"பதினாலு மாசம்."

டாக்டர் குழந்தையின் முழங்காலைப் பார்த்த பார்வையில் ஒரு தொழில்முறை வருத்தம் இருந்தது. நெவெனாவின் உத்தரவைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று அசென் யோசித்தான். சொன்னால் அதற்கும் ஆலோசனை வரும். சொல்லவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்ததில், அன்றைய தப்புகளில் தலையாயது இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

ஸ்தாரா ஸகோராவைத் தாண்டியதும் குழந்தை ஒருவழியாகக் கண்ணை மூடியது. அதைப் பார்த்த அசெனின் கண்களும் மூடிக்கொண்டன. நான்கே நிமிடம்தான் இருக்கும்.

அவனை எழுப்பியது சத்தம் இல்லை, சத்தம் இல்லாமை. குழந்தை வளர்க்கிறவர்களுக்கு அந்த அமைதி தெரியும். அதைவிடப் பயங்கரமான ஒலி உலகத்தில் இல்லை. மடி லேசாக இருந்தது. கண்ணைத் திறந்தான்.

பெட்டி அறையின் நடுவில், எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, சரணடைய வரும் சிப்பாய் மாதிரி பிலியானா நின்றிருந்தாள். எதிரே டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உரித்த வெள்ளரிக்காயை நீட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு காலை எடுத்து வைத்தது. அடுத்ததை வைத்தது. வெள்ளரிக்காயைப் பிடித்தது.

மகள் நடந்ததைக் கண்ட தகப்பன் அவளிடம் சொன்ன முதல் சொல்: "உட்காரு!"

அவன் போட்ட கத்தலில் குழந்தை உட்கார்ந்தே விட்டது. உட்கார்ந்து அழுதது. ராய்னா அள்ளி எடுத்தாள்.

"என்ன மனுஷன்யா நீ! புள்ள முதல் தடவையா நடக்குது, நீ நாயை விரட்டுற மாதிரி விரட்டுற!"

அப்போதுதான் அசென் சொன்னான். இத்தாலி, பல், 'பாபா', திரைக்குள் இருந்து வந்த உத்தரவு, பால்கனியில் அடுக்கிய நாற்காலிகள், பதினொரு நாள். ராய்னா ரொட்டி சுற்றிய துணியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். வெள்ளரிக்காய் கொடுத்த கையை டாக்டர் பைக்குள் போட்டு மறைத்துக்கொண்டார்.

"இது நடையே இல்ல" என்றார். "வண்டி ஆடிச்சு, குழந்தை முன்னால தள்ளாடிச்சு. அவ்வளவுதான். நான் மருத்துவர்ங்கிற முறையில சான்று எழுதித் தர்றேன்."

"நீங்க மாட்டு டாக்டர்" என்றாள் ராய்னா.

"காலு காலுதான், அம்மா. இதுக்கு ரெண்டு குறைச்சல்."

வெளியே சொல்வதில்லை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பத்து நிமிடம் கழித்து ராய்னா மடியிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"தம்பி, நீ பொண்டாட்டிகிட்ட மறைச்சுக்கோ. ஆனா ரொட்டிகிட்ட மறைக்க முடியாது."

அந்த ஊர் வழக்கப்படி, குழந்தை முதல் அடி வைத்த அன்றே ரொட்டியை உருட்டியாக வேண்டும். அது முன்னால் உருள, குழந்தை பின்னால் நடக்க வேண்டும். வழியில் தொழில் சாமான்களைப் பரப்பிவைத்தால், எதை எடுக்கிறதோ அதுதான் அதன் பிழைப்பு. பிறகு ரொட்டியைப் பிய்த்துக் கண்ணில் படுகிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் நின்றபடியே தின்று, தாய்க்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அசெனுக்கும் தெரியும். சோஃபியாவில் செய்யலாம் என்று நினைத்திருந்தான்.

"அன்னிக்கே செய்யலைன்னா ஆயுசு பூரா தடுக்கி விழும்" என்றாள் ராய்னா. "எங்க அண்ணனுக்கு அறுவடை நேரம்னு ரொட்டி உருட்டாம விட்டுட்டாங்க. போன வருஷம் ஏணியிலேர்ந்து விழுந்தாரு."

"அவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"குடிச்சிருந்தாரோ?" என்றார் டாக்டர்.

"அது வேற விஷயம்."

அசெனுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில்கூட அவன் ஒரு தீர்மானத்தையும் தோற்கடித்ததில்லை. பெட்டி அறையில் ரொட்டி உருள இடமும் இல்லை. ஆகவே வெளியே நடைபாதைக்குப் போனார்கள். நடைபாதைக்குப் போவது என்றால் என்ன பொருள் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு தலை நீண்டது. அரை நிமிடத்தில் அந்தப் பெட்டி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. மூன்றரை மணி நேரத் தாமதத்தில் புழுங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் இதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள்போல் எழுந்து வந்தார்கள். ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றி வைத்தான். கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியை வைத்தார். ராய்னா பின்னல் ஊசியை வைத்தாள், டாக்டர் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து வைத்தார். அசென் சாவிக்கொத்தில் தொங்கிய ஸ்க்ரூ டிரைவரை, யாரும் பார்க்காதபோது, மற்றவற்றைவிட ஒரு சாண் முன்னால் வைத்தான்.

ரொட்டியை விட்டார்கள். அதே சமயம் ஓட்டுநர் பிரேக் போட்டார். ரொட்டி எல்லாச் சாமான்களையும் தாண்டிப் போய்க் கழிப்பறைக் கதவில் மோதி விழுந்தது. பிலியானா நடைபாதையின் முழு நீளத்தையும் பார்த்தாள். பதினொரு நாள் சேர்த்துவைத்த நடையெல்லாம் காலில் இறங்கியது. தகப்பனின் ஸ்க்ரூ டிரைவரை மிதித்துக்கொண்டு போனாள். தொப்பியைச் சுற்றிக்கொண்டு போனாள். டாக்டரின் வெப்பமானியை எடுத்து வாயில் வைத்தாள்.

"மாட்டு டாக்டர்!" என்று பெட்டியே கத்தியது.

"வாயிலேர்ந்து எடுங்க! அதைக் கழுவினீங்களா?" என்றான் அசென்.

"கழுவாம வைப்பேனா?"

"எப்ப கழுவினீங்க?"

டாக்டர் நினைவுபடுத்திப் பார்த்தார். "ரிட்டயர் ஆன அன்னிக்கு."

ராய்னா ரொட்டியின் கழிப்பறைப் பக்கத்தைத் தட்டிவிட்டு, பிய்த்துக் கொடுத்துக்கொண்டே போனாள். மகனுக்கென்று சுட்டது தீர்ந்துபோயிற்று. அவள் நேர்மையான பெண். ரகசியம் என்றால் ரகசியம். ஆகவே ரொட்டி வாங்கிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, காதோடு சொன்னாள்: "சோஃபியாவுல இதோட அம்மா நிப்பா. அவளுக்கு இது தெரியக் கூடாது. யாரும் வாய் திறந்துடாதீங்க." இப்படி நாற்பத்தொரு பேரிடம் சொன்னாள்.

சோஃபியா வந்தபோது ஏழரை மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. அசென் கடைசி ஒரு மணி நேரமும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான்: இல்ல, இன்னும் நடக்கல.

நெவெனா நடைமேடையில் நின்றிருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். முப்பது மணி நேரப் பேருந்தில் கால் வீங்கி, செருப்பைக் கையில் வைத்திருந்தாள். பிலியானா அவளைப் பார்த்தாள். உள்ளங்கை அளவே தெரிந்த முகம் திடீரென்று இவ்வளவு பெரிதாக வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த கைபேசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி அம்மாவைப் பார்த்தாள். நெவெனா எட்டி வாங்கவில்லை. விரலை நீட்டினாள். குழந்தை விரலைப் பிடித்து, பிறகு மூக்கைப் பிடித்து, பிறகு தாவியது.

"நடந்துட்டாளா?" என்றாள் நெவெனா, முகம் குழந்தையின் கழுத்தில் இருந்தபடியே.

அசென் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஒரு முதியவள் வந்து நெவெனாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "உன் பொண்ணு நல்லா ஓடட்டும், மகளே! நான் ஒண்ணும் சொல்லல." அவள் பின்னால் ஒரு தம்பதி. "வாழ்த்துகள், ரொட்டி பிரமாதம்." சிப்பாய் அசெனைப் பார்த்துக் கண்ணடித்த கண்ணடியில் ரயில் நிலையமே திரும்பிப் பார்த்தது. தின்ற ரொட்டிக்கு வாழ்த்துச் சொல்லாமல் போனால் பாவம், ரகசியத்தை உடைத்தாலும் பாவம். இரண்டு பாவத்துக்கும் நடுவில், நாற்பத்தொரு பேரும் வரிசையாக வந்து, வாழ்த்திவிட்டு, எதற்கு என்று சொல்லாமல் போனார்கள்.

"எல்லாரும் எதுக்கு எனக்கு வாழ்த்துச் சொல்றாங்க?"

"சோஃபியா ஜனங்க நல்லவங்க."

"யாரு? சோஃபியா ஜனங்களா?"

அந்தப் பொய் அங்கேயே செத்தது. கடைசியாக வந்த டாக்டர் நெவெனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான கால்கள்" என்றார், ஒரு கிடாரியைப் பற்றிச் சொல்வதுபோல. "நான் பொறுப்பேத்துக்கறேன்." ராய்னா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

நடைமேடை காலியானது. நெவெனா பெஞ்சில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்தாள். அசென் புகார்க் கடிதத்துக்குக் காத்திருந்தான், தேதி, நேரத்தோடு.

"எத்தனை மணிக்கு?"

"மூணே முக்கால் இருக்கும். சிர்பான் ஸ்டேஷனுக்கு முன்னால."

"எத்தனை அடி?"

"நாலு. அப்புறம் நடைபாதையில ஒரு முப்பது."

"முதல்ல எந்தக் கால் வச்சா?"

அசென் பதில் சொல்ல முயன்றான். ஏதாவது ஒரு காலைச் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்று சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உடம்பில் தெம்பு வேண்டும்.

"தெரியாது. தூங்கிட்டேன். கண்ணு முழிச்சப்போ மூணாவது அடி. முதல் ரெண்டையும் மாட்டு டாக்டர்தான் பார்த்தாரு."

நெவெனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோணிய முதுகு, சட்டை முழுக்கப் பிஸ்கெட், மோவாயில் ஏதோ பச்சையாக. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து குனிந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அழுகையும் இருந்தது, பிரித்துப் பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை.

"பதினொரு நாள் தூக்கிச் சுமந்துட்டு, அந்த நேரத்துலயா தூங்கின?"

"ஆமா."

"சரி. இறக்கி விடு."

இறக்கிவிட்டார்கள். பிலியானா உட்கார்ந்தாள். நிற்கவைத்தார்கள். மறுபடி உட்கார்ந்தாள். நெவெனா கையைத் தட்டினாள், பாடினாள், கெஞ்சினாள். குழந்தை நடைமேடையின் ஒரு விரிசலை ஆராய்ந்தது. பிறகு, யாரும் கூப்பிடாதபோது, எழுந்து நின்று, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்தடி, பதினைந்தடி.

"போய்ப் பிடி" என்றாள் நெவெனா, கண்ணை எடுக்காமல்.

"நீ போ. நான் பதினொரு மணி நேரம் ரயில்ல வந்தேன்."

"நான் முப்பது மணி நேரம் பஸ்ல வந்தேன். பக்கத்துல உட்கார்ந்தவன் வெங்காயம் தின்னுகிட்டே வந்தான்."

"எனக்கு ஜன்னலையே திறக்கவிடல."

வெங்காயம்தான் வென்றிருக்க வேண்டும். ஆனால் நெவெனாவே எழுந்தாள். வெறுங்காலோடு போனாள். தூக்கவில்லை. குழந்தையைவிட மெதுவாக நடக்க முயன்று, இரண்டு கைகளையும் அதன் இரு பக்கமும் தொடாமல் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் போனாள். அசென் தரையில் உட்கார்ந்து பையில் சாய்ந்தான். மடியில் யாரும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடைமேடையின் கோடியில் பிலியானா நின்றாள். நடக்கத் தெரிந்துவிட்டது, திரும்பத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்று, ஆள் வேண்டும் என்று ஒரு சத்தம் போட்டாள். நெவெனா அவள் தோள்களைப் பிடித்து மெதுவாகச் சுற்றித் திருப்பி நிறுத்தி, கையை எடுத்தாள்.

குழந்தை இந்தப் பக்கமாக வர ஆரம்பித்தது. அசென் எழுந்திருக்கவில்லை. கைகளை மட்டும் விரித்துவைத்தான்.